கற்பித்தவர் மீண்டும் கற்கச் செல்லும்போது

(நமது ஜமாஅத்தின் ஆண்டுப் பொதுக்குழுவையொட்டிப் பள்ளிவாசல் வளாகத்தில் நடைபெற்ற கல்வி விழாவில் தலைமை இமாம் அவர்கள் ஆற்றிய உரை)

 

 

இன்றைய விழாவில் 10, 12ஆம் வகுப்புத் தேர்வுகளில் உயர்ந்த மதிப்பெண் பெற்ற நம் பிள்ளைகளுக்குப் பரிசு வழங்கப்பட்டது. அப்பட்டியலின் கடைசியில் ஒரு பெயர் இருந்தது. அது மாணவியின் பெயரன்று, ஆசிரியையின் பெயர். அரசு உதவி பெறும் பள்ளியொன்றில் 14 ஆண்டுகள் கணக்குப் பாடம் நடத்திய நம் மஹல்லாச் சகோதரி, இரண்டு பிள்ளைகளின் தாய், ஊதியமில்லா விடுப்பு எடுத்துக்கொண்டு கல்வியியலில் முதுகலைப் பட்டமான எம்.எட். படிக்கச் சென்றிருக்கிறார். தம் பெயரை மேடையில் கூற வேண்டாமென்று கேட்டுக்கொண்டதால் நாம் கூறவில்லை. அறியாதவர் இம்மஹல்லாவில் யாருமில்லை என்பது வேறு விஷயம்.

நிர்வாகக் குழுவில் இது பேசப்பட்டபோது, "வேலையில் இருப்பவருக்குப் படிப்பு எதற்கு? சம்பளத்தையும் விட்டுவிட்டு இந்த வயதில் புத்தகம் தூக்க வேண்டுமா? அதற்குப் பரிசு வேறா?" என்று ஓரிருவர் கேட்டார்கள். கேட்டவர்கள் கெட்ட எண்ணத்தில் கேட்கவில்லை. நம் சமுதாயத்தில் படிப்பு என்றால் வேலைக்கு ஏறும் ஏணி என்று ஆகிவிட்டது. மேலே ஏறியவர் மறுபடியும் ஏணியைத் தேடினால் வியப்பாகத்தானே இருக்கும்! அக்கேள்விக்கு விடையாகவும், அச்சகோதரி நம்மிடம் கேட்ட இன்னொரு கேள்விக்கு விடையாகவும் இன்று சில வார்த்தைகள் பேச விரும்புகிறோம்.

முதல் கேள்விக்கு விடை சொல்ல நாம் வெகுதூரம் செல்ல வேண்டியதில்லை. ஸஹீஹுல் புகாரியின் கல்வி பற்றிய பாடத்திலேயே அது இருக்கிறது. தலைமைப் பொறுப்புக்கு வருமுன் மார்க்கத்தைக் கற்றுக்கொள்ளும்படி கலீஃபா உமர் (ரலி) அவர்கள் கூறியதை அங்கே பதிவு செய்த இமாம் புகாரி (ரஹ்) அவர்கள், உடனே தம் சொந்தக் குறிப்பு ஒன்றைச் சேர்க்கிறார்கள். பொறுப்புக்கு வந்த பின்னரும் கற்க வேண்டும், நபித்தோழர்கள் தங்கள் முதிய வயதிலும் கற்றார்கள் என்பதே அக்குறிப்பு. உமர் (ரலி) அவர்களின் சொல்லைக் கேட்டுவிட்டு, "பதவி வந்துவிட்டது, இனிப் படிப்பு முடிந்தது" என்று எவரும் விளங்கிக்கொள்ளக் கூடாதே என்ற கவலையால் இமாம் அவர்கள் எழுதிய வரி அது. ஜாபிர் இப்னு அப்துல்லாஹ் (ரலி) அவர்கள் பெருமானார் (ஸல்) அவர்களிடம் நேரடியாகக் கேட்டுப் பல ஹதீஸ்களை அறிவித்த பெரும் ஆசான். ஒரேயொரு ஹதீஸ் ஷாம் தேசத்தில் வாழ்ந்த அப்துல்லாஹ் இப்னு உனைஸ் (ரலி) அவர்களிடம் இருக்கிறதென்று கேள்விப்பட்டு, ஒட்டகம் ஒன்றை வாங்கி, ஒரு மாத காலம் பயணம் செய்து அன்னாரின் வாசற்கதவைத் தட்டினார்கள்.

இவர்களுக்கெல்லாம் முன்பு மூஸா (அலை) அவர்கள் இருக்கிறார்கள். பனூ இஸ்ராயீல் மக்களிடையே பிரசங்கம் செய்துகொண்டிருந்த அன்னாரிடம், மக்களில் மிகக் கற்றவர் யார் என்று கேட்கப்பட்டது. "நானே" என்றார்கள். அறிவை அல்லாஹ்வின் பக்கம் சாட்டாமல் விட்டதற்காக அல்லாஹ் கண்டித்து, இரு கடல்கள் சங்கமிக்கும் இடத்தில் உம்மைவிட அறிந்த என் அடியார் ஒருவர் இருக்கிறார் என்று அறிவித்தான். தவ்ராத் வேதம் அருளப்பட்ட நபி, ஒரு சமுதாயத்தின் ஆசான், கூடையில் மீனை எடுத்துக்கொண்டு ஓர் இளைஞரைத் துணைக்கு அழைத்து மாணவராகப் புறப்பட்டார்கள். நான் உங்களைப் பின்பற்றி வரலாமா என்று கிழ்ரு (அலை) அவர்களிடம் பணிவுடன் அனுமதி கேட்டார்கள். சூரத்துல் கஹ்ஃபை வெள்ளிக்கிழமைதோறும் ஓதுகிறோம். அதில் ஓர் ஆசிரியர் மாணவராக மாறும் வரலாறு இருப்பதை எத்தனை பேர் நினைத்துப் பார்த்திருப்போம்?

இங்கே இடையில் ஒன்று. கிழ்ரு (அலை) அவர்கள் கேள்வி கேட்கக் கூடாது என்று நிபந்தனை விதித்ததை எடுத்துக் காட்டி, மாணவன் வாய் திறக்கலாகாது என்று சில உஸ்தாதுமார்கள் கூறுவதுண்டு. தாமே விளக்கம் கூறும்வரை கேட்கக் கூடாது என்பதே அந்நிபந்தனை. பிரியும் வேளையில் கப்பல், சிறுவன், சுவர் ஆகிய மூன்றுக்கும் அவர்கள் காரணம் சொல்லிவிட்டே பிரிந்தார்கள். விளக்கம் பெறாமல் மூஸா (அலை) அவர்கள் திரும்பவில்லை.

இனி, அச்சகோதரி நம்மிடம் கேட்ட கேள்விக்கு வருவோம். சில மாதங்களுக்கு முன் தம் கணவருடன் வந்திருந்தார். அவர் படிப்பில் முதலாவதாகக் கற்பிக்கப்படுவது கல்வியின் அடிப்படைகள் என்னும் பாடமாம். தத்துவ அடிப்படை, சமூக அடிப்படை, உளவியல் அடிப்படை என்று அதற்குப் பிரிவுகள். "ஹஜ்ரத், 14 வருஷம் வகுப்பெடுத்தேன். பின்னத்தை எப்படிச் சொல்லிக் கொடுப்பது என்று தெரியும். ஒரு பிள்ளைக்கு ஏன் சொல்லிக் கொடுக்கிறோம், பிள்ளை என்றால் யார், படிப்பு முடிந்தபின் அவன் என்னவாக இருக்க வேண்டும் என்று ஒருநாளும் யோசித்ததில்லை. இப்போது யோசிக்கச் சொல்கிறார்கள்" என்றார். பிறகு, "பிளேட்டோ, ரூசோ, டூயி, காந்தியடிகள், தாகூர் எல்லாரும் பாடத்தில் இருக்கிறார்கள். நம்முடைய பெரியவர்கள் இதைப் பற்றி ஒன்றும் எழுதவில்லையா?" என்று கேட்டார்.

அக்கேள்வி நமக்கு மகிழ்வையும் தந்தது, உறுத்தலையும் தந்தது. நம் முன்னோர்கள் எழுதியிருக்கிறார்கள். ஏராளமாகவே எழுதியிருக்கிறார்கள். அரபுக் கல்லூரிகளில் ஓதிய நம்மைப் போன்றவர்களின் அலமாரிகளில் அக்கிதாபுகள் இருக்கின்றன. அவை அங்கிருந்து இறங்கி மஹல்லாவுக்கு வரவில்லை என்பதுதான் குறை.

காந்தியடிகளின் பெயரை அவர் கூறியதால் அங்கிருந்தே தொடங்கினோம். 1937இல் வார்தாவில் காந்தியடிகள் ஆதாரக் கல்வித் திட்டத்தை முன்வைத்தபோது, அதற்குப் பாடத்திட்டம் வகுத்த குழுவின் தலைவர் டாக்டர் ஜாகிர் உசேன். பிற்காலத்தில் 1967 முதல் 1969இல் காலமாகும்வரை இந்தியக் குடியரசுத் தலைவராக இருந்தவர் என்பதை நாமறிவோம். அதற்கு முன் அவர் யார் என்பது பலருக்குத் தெரியாது. அலிகர் கல்லூரியில் மேற்படிப்பு மாணவராகவும் பகுதிநேர விரிவுரையாளராகவும் இருந்தவர், 1920 அக்டோபர் 29 அன்று ஜாமிஆ மில்லிய்யா இஸ்லாமிய்யா தோன்றியபோது அதன் பக்கம் வந்தார். மால்ட்டா சிறையிலிருந்து திரும்பி, நோயுற்று, இறுதி நாட்களில் இருந்த ஷைகுல் ஹிந்த் மௌலானா மஹ்மூத் ஹஸன் (ரஹ்) அவர்களின் தலைமையில் அந்நிறுவனம் தொடங்கப்பட்டது. ஜாமிஆவில் பணி தொடங்கிய ஜாகிர் உசேன், 1922இல் ஜெர்மனிக்குச் சென்று மறுபடியும் மாணவரானார். 1926இல் பெர்லின் பல்கலைக்கழகத்தில் பொருளாதாரத்தில் டாக்டர் பட்டம் பெற்றார். பட்டம் பெற்றவருக்கு எத்தனையோ வாசல்கள் திறந்திருந்தன. பணமின்றி மூடப்படும் நிலையில் இருந்த ஜாமிஆவுக்கே திரும்பி வந்து, 30 வயது நிறைவதற்குள் அதன் பொறுப்பை ஏற்றார். 150 ரூபாய்க்கு மேல் மாதச் சம்பளம் வாங்குவதில்லை, 20 ஆண்டுகள் ஜாமிஆவை விட்டு நீங்குவதில்லை என்று அவரும் அவருடைய தோழர்களும் 1928இல் உறுதி எடுத்துக்கொண்டார்கள்.

1935 மார்ச் 1ஆம் நாள் தில்லி ஓக்லாவில் ஜாமிஆவின் புதிய கட்டிடத்துக்கு அடிக்கல் நாட்டப்பட்டது. அடிக்கல் நாட்ட யாரை அழைப்பார்கள்? மந்திரியை அழைப்பார்கள், செல்வந்தரை அழைப்பார்கள். அவர்கள் தங்களிடம் பயின்ற பிள்ளைகளிலேயே மிகச் சிறிய பிள்ளையை அழைத்து அக்கல்லை வைக்கச் சொன்னார்கள். நம் சகோதரி படிக்கும் பாடத்தின் பெயரே அடிப்படைகள். அதில் பிள்ளை எந்த இடத்தில் நிற்கிறது என்பதற்கு அவ்வொரு நிகழ்ச்சி போதும். 1938இல் அதே ஜாமிஆ, ஆசிரியர்களுக்குப் பயிற்சியளிக்க ஒரு நிலையம் கண்டது. அதற்கு அவர்கள் இட்ட பெயர் 'உஸ்தாதோங் கா மதரஸா'. அதாவது உஸ்தாதுகளுக்கான மதரஸா. இப்பெயரைச் சற்று நினைவில் வைத்திருங்கள். பின்னர் தேவைப்படும்.

பெரியவர்களின் கிதாபுகளுக்கு வருவோம். பள்ளி ஆசிரியரைப் பற்றியே தனியாக எழுதப்பட்ட நூல்களில் மிகப் பழமையானவற்றுள் ஒன்று, கைரவான் நகரைச் சேர்ந்த முஹம்மது இப்னு ஸஹ்னூன் (ரஹ்) அவர்களுடையது. அன்னார் ஹிஜ்ரீ 256இல் வஃபாத்தானார்கள். இன்றைக்கு ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு முன்! சிறு பிள்ளைகளுக்கு ஓதிக் கொடுக்கும் முஅல்லிமின் கடமைகளைப் பற்றித் தம் தந்தையார் இமாம் ஸஹ்னூன் (ரஹ்) அவர்களிடம் கேட்ட வினாக்களும் அவர்கள் அளித்த விடைகளும் அதில் இருக்கின்றன. பணக்காரப் பிள்ளையையும் ஏழைப் பிள்ளையையும் சமமாக நடத்த வேண்டும் என்பதும், கோபத்தில் பிள்ளையைத் தண்டிக்கக் கூடாது என்பதும், பிள்ளைகளைத் தம் சொந்த வேலைகளுக்கு அனுப்பக் கூடாது என்பதும் அதில் பேசப்படுகின்றன. கடைக்குப் போய் வெற்றிலை வாங்கி வா என்று அனுப்பும் வழக்கம் கைரவானிலும் இருந்திருக்கும் போலும்!

இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்களைக் கூறாமல் இப்பேச்சு நிறைவடையாது. ஹிஜ்ரீ 484இல், அதாவது கி.பி. 1091இல், 35 வயதைக்கூட எட்டாத பருவத்தில் பக்தாத் நிஜாமிய்யா கல்விக்கூடத்தின் தலைமை ஆசிரியரானவர்கள். அக்காலத்தில் அதைவிடப் பெரிய ஆசிரியப் பதவி இருந்ததில்லை. நான்கே ஆண்டுகளில் அன்னாரின் உள்ளத்தில் ஒரு கேள்வி எழுந்தது. நான் எதற்காகக் கற்பிக்கிறேன்? அல்லாஹ்வுக்காகவா, பெயருக்கும் புகழுக்குமாகவா? ஹிஜ்ரீ 488 ரஜப் மாதம் தொடங்கி ஏறத்தாழ 6 மாதங்கள் அக்கேள்வி அவர்களை வாட்டியது. ஒரு கட்டத்தில் நாவே எழவில்லை, பாடம் நடத்த இயலவில்லை என்று தம் வரலாற்றில் அவர்களே எழுதுகிறார்கள். பதவியை விட்டு வெளியேறி, டமாஸ்கஸ், பைத்துல் முகத்தஸ், மக்கா, மதீனா என்று சென்றார்கள். ஹிஜ்ரீ 499இல் நைஸாபூர் நிஜாமிய்யாவில் மீண்டும் ஆசிரியராக அமர்ந்தபோது, வெளித்தோற்றத்தில் அதே பணிக்குத் திரும்பியதாகத் தெரிந்தாலும் தம் பார்வையில் அது திரும்புதலே அன்று என்கிறார்கள். முன்பு பதவியைத் தேடித்தரும் கல்வியைக் கற்பித்தார்கள். இப்போது பதவியை விட்டுவிடச் செய்யும் கல்வியைக் கற்பித்தார்கள்.

அவர்களுடைய இஹ்யாவின் முதல் பாகமே கல்வியைப் பற்றியது. மாணவனுக்கு 10 கடமைகளையும் ஆசிரியருக்கு 8 கடமைகளையும் அதில் வகுத்திருக்கிறார்கள். ஆசிரியரின் முதல் கடமை எது தெரியுமா? பாடத்தில் புலமையன்று. மாணவர்களிடம் இரக்கம் கொண்டு, அவர்களைத் தம் சொந்தப் பிள்ளைகளாக நடத்துவது. மாணவனின் அறிவுக்கு எட்டாததை அவன் தலையில் சுமத்தாதிருப்பதும், அவனிடம் காணும் குறையை இயன்றவரை குறிப்பாலும் கனிவாலும் திருத்துவதும் அக்கடமைகளில் அடங்கும். தாம் கற்பிக்காத துறைகளை மாணவன் முன்னால் இழிவுபடுத்தக் கூடாது என்பதும் ஒன்று. கணக்கு ஆசிரியர் தமிழைக் குறைத்துப் பேசுவதும், ஆலிம் ஆங்கிலப் படிப்பைக் குறைத்துப் பேசுவதும், கான்வென்ட் ஆசிரியர் மக்தபைக் குறைத்துப் பேசுவதும் நம்மூரில் தினமும் நடக்கின்றன. இதற்கிடையில் சிக்கிக்கொள்வது பிள்ளைதான்.

இவற்றை எல்லாம் கேட்டுவிட்டு அச்சகோதரி, "அப்படியானால் நம் மக்தபு எந்த அடிப்படையில் நடக்கிறது, ஹஜ்ரத்?" என்றார். கணக்கு ஆசிரியை அல்லவா! விடை வந்தவுடன் சரிபார்க்கத் தொடங்கிவிட்டார்.

மஹல்லாவாசிகளே, இக்கேள்வியை நாம் உங்கள் முன் வைக்கிறோம். இது புதிய கேள்வியன்று. துனிஸில் பிறந்த இப்னு கல்தூன் (ரஹ்) அவர்கள் கி.பி. 1377இல் எழுதிய முகத்திமாவில், சிறு பிள்ளைகளுக்குக் கல்வியை எதிலிருந்து தொடங்குவது என்று ஒவ்வொரு தேசத்தாரின் வழக்கத்தையும் ஒப்பிட்டு ஆராய்ந்திருக்கிறார்கள். மக்ரிப் தேசத்தார் பிள்ளை குர்ஆனைத் தேறும்வரை வேறெதையும் கலப்பதில்லை. அந்தலுஸ் மக்களோ குர்ஆனை அடிப்படையாக வைத்துக்கொண்டு எழுத்து, கவிதை, அரபு இலக்கணம் ஆகியவற்றையும் உடன் கற்பித்தார்கள். முன்னவர்களின் பிள்ளைகள் குர்ஆனை அழகாக ஓதினார்கள், ஆயினும் மொழியில் தேர்ச்சி பெறவில்லை. பின்னவர்களின் பிள்ளைகள் எழுத்திலும் மொழியிலும் சிறந்தார்கள்.

பிறகு அந்தலுஸைச் சேர்ந்த காழீ அபூபக்ர் இப்னுல் அரபீ (ரஹ்) அவர்களின் கருத்தை இப்னு கல்தூன் எடுத்துக் காட்டுகிறார்கள். இமாம் கஸ்ஸாலியிடமே பாடம் கேட்ட பெரியார் இவர்கள். முதலில் மொழியையும் கவிதையையும் கற்பியுங்கள், அடுத்துக் கணக்கு, அதற்குப் பின் குர்ஆனைக் கற்பித்தால் பிள்ளைக்கு எளிதாக இருக்கும் என்பது அன்னாரின் யோசனை. விளங்காத ஒன்றைப் பிள்ளையின் வாயில் திணித்து, அதைவிட முக்கியமானதை விட்டுவிடுகிறோமே என்று அவர்கள் வருந்தியிருக்கிறார்கள். ஒரு காழீயே இவ்வாறு கூறியிருக்கிறார்களா என்று சிலர் திடுக்கிடலாம். இப்னு கல்தூன் அவர்கள் திடுக்கிடவில்லை. இது நல்ல வழிதான் என்று பாராட்டிவிட்டு, மக்களின் வழக்கம் இதற்கு இடம் தராது என்கிறார்கள். காரணத்தையும் சொல்கிறார்கள். பிள்ளை சிறுவயதில் நம் கைக்குள் இருக்கிறான், சொன்னதைக் கேட்கிறான். பருவமடைந்து கை மீறிப் போய்விட்டால் குர்ஆனே இல்லாமல் போய்விடுவானே என்ற அச்சம் பெற்றோருக்கு இருக்கிறது. பிள்ளை தொடர்ந்து படிப்பான் என்ற உறுதி மட்டும் இருந்தால், காழீ அவர்களின் வழியே எல்லாவற்றிலும் சிறந்தது என்று முடிக்கிறார்கள்.

ஆறு நூற்றாண்டுகளுக்கு மேலாகியும் நாம் நிற்பது அதே இடத்தில்தான். நம் மக்தபில் பிள்ளை எட்டு, ஒன்பது வயதில் குர்ஆனைத் தமாம் செய்கிறது. மாலை போட்டு, இனிப்பு வழங்கி, உஸ்தாதுக்கு அன்பளிப்பு கொடுத்து மகிழ்கிறோம். அல்ஹம்து லில்லாஹ், அது பெரும் பாக்கியம். அதன்பின் ஆறாம் வகுப்பு வந்ததும் ட்யூஷன் என்று மக்தபு நின்றுவிடுகிறது. ஒருநாளைக்குப் பதினேழு ரக்அத்திலும் ஓதும் ஃபாத்திஹா சூராவுக்குப் பொருள் தெரியாமலேயே அப்பிள்ளை கல்லூரிக்குப் போய்விடுகிறது. பிறகு அதே பிள்ளை பதினெட்டு வயதில், "இதை ஏன் ஓத வேண்டும்?" என்று கேட்டால் நமக்குக் கோபம் வருகிறது. கை மீறிப் போகுமுன் குர்ஆனைக் கொடுத்துவிட வேண்டுமென்ற அச்சம் நியாயமானதே. ஆனால் அச்சம் மட்டுமே ஒரு மக்தபின் முழு அடிப்படையாக இருக்க முடியுமா? ஓதலை முன்னே வைப்பதில் நமக்கு மறுப்பில்லை. காழீ அவர்களின் வரிசையை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டுமென்றும் நாம் கூறவில்லை. அவர்களுடைய பிள்ளைகளின் தாய்மொழி அரபு. நம் பிள்ளைகளுக்குத் தமிழ். ஓதலோடு சேர்த்து, தொழுகையில் ஓதும் சூராக்களின் பொருளையாவது பிள்ளையின் வயதுக்கேற்பத் தமிழில் சொல்லிக் கொடுத்தால் ஓதல் குறைந்தா போய்விடும்?

அச்சகோதரி நம் வேண்டுகோளின்படி மக்தபின் பெண் பிள்ளைகள் பகுதியில் மூன்று நாட்கள் அமர்ந்து பார்த்தார். ஆலிமா உஸ்தாது இருவரும் மனமுவந்து அனுமதித்தார்கள். அவர் கூறியவை இரண்டே. ஐம்பதுக்கு மேற்பட்ட பிள்ளைகளுக்கு இருவர் என்பதால், பின்வரிசைப் பிள்ளையிடம் ஸபக் கேட்கும் முறை இரண்டு நாளைக்கு ஒருமுறைதான் வருகிறது. மற்ற நேரமெல்லாம் அது உதட்டை அசைத்துக்கொண்டு காத்திருக்கிறது. அடுத்து, ஒரு பிள்ளை பிழையாக ஓதினால் சரியானதை உஸ்தாது சொல்கிறார், பிள்ளை திருப்பிச் சொல்கிறது, மறுநாள் அதே பிழையைச் செய்கிறது. ஏன் பிழை வருகிறது என்று பார்க்க நேரமில்லை. இப்னு கல்தூன் அவர்கள் ஒரு பாடத்தை மும்முறை நடத்தச் சொல்கிறார்கள். முதலில் சுருக்கமாக, அடுத்து விளக்கமாக, மூன்றாவதில் சிக்கல்கள் எதுவும் மிஞ்சாமல். இதற்கெல்லாம் ஆள் வேண்டும், நேரம் வேண்டும்.

பிரம்பைப் பற்றியும் பேசியே ஆக வேண்டும். "கண்ணை மட்டும் விட்டுவிட்டுத் தோலை உரித்துவிடுங்கள் ஹஜ்ரத்" என்று கூறிப் பிள்ளையை ஒப்படைக்கும் தகப்பன்மார்கள் இன்னும் இருக்கிறார்கள். ஸஹீஹ் முஸ்லிமில் வரும் ஓர் அறிவிப்பைக் கேளுங்கள். முஆவியா இப்னுல் ஹகம் (ரலி) அவர்கள் புதிதாக இஸ்லாத்திற்கு வந்தவர்கள். தொழுகையில் ஒருவர் தும்மியபோது, தொழுகையிலேயே அவருக்குப் பதில் துஆச் செய்துவிட்டார்கள். மற்றவர்கள் முறைத்தார்கள், தொடைகளில் தட்டி அமைதிப்படுத்தினார்கள். தொழுகை முடிந்ததும் பெருமானார் (ஸல்) அவர்கள் அவரை அடிக்கவுமில்லை, ஏசவுமில்லை, கடுகடுக்கவுமில்லை. தொழுகையில் மனிதப் பேச்சுக்கு இடமில்லை என்று விளக்கினார்கள். அன்னாரைவிடச் சிறந்த ஆசிரியரை அதற்கு முன்னும் பின்னும் கண்டதில்லை என்று அத்தோழர் பிற்காலத்தில் கூறினார். ஒரு மாணவர் தம் ஆசிரியருக்கு அளித்த சான்றிதழ் இது. கடுமையாக நடத்தப்படும் பிள்ளை சோம்பேறியாகும், அடிக்குப் பயந்து பொய்யும் சூதும் கற்கும், அதுவே பிறவிக் குணம்போல் ஆகிவிடும் என்று இப்னு கல்தூன் அவர்களும் ஒரு தனி அத்தியாயமே எழுதியிருக்கிறார்கள்.

நாட்டின் சட்டமும் இதில் தெளிவாக இருக்கிறது. 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் 17ஆம் பிரிவு, பிள்ளைகளுக்கு உடல் தண்டனையும் மனத் துன்புறுத்தலும் கூடாது என்கிறது. 2012இல் அச்சட்டம் திருத்தப்பட்டு, மதரஸாக்களுக்கும் வேத பாடசாலைகளுக்கும் அது பொருந்தாது என்று ஆக்கப்பட்டது. "அப்படியானால் நமக்குக் கவலையில்லை" என்று ஒரு சகோதரர் நம்மிடம் கூறினார். பள்ளிக்கூடத்தில் அடி வாங்காத பிள்ளை அல்லாஹ்வின் வேதத்தை ஓத வரும் இடத்தில் மட்டும் அடி வாங்க வேண்டும் என்பதா அதன் பொருள்? அச்சட்டம் பொருந்தாவிட்டாலும் அந்த ஹதீஸ் நமக்குப் பொருந்தும்.

இதில் உஸ்தாதுமார்களை மட்டும் குறை கூறுவது அநீதி. பள்ளிக்கூட ஆசிரியராக வேண்டுமானால் ஆசிரியர் பயிற்சி பெற வேண்டும். நம் உஸ்தாதுமார்கள் ஏழெட்டு ஆண்டுகள் ஓதி ஸனது பெறுகிறார்கள். நஹ்வு, ஸர்ஃபு, ஃபிக்ஹு, ஹதீஸ், தஃப்ஸீர் எல்லாம் கற்கிறார்கள். ஆனால் ஆறு வயதுப் பிள்ளைக்கு எப்படிக் கற்பிப்பது என்பது பெரும்பாலும் ஓதிய பாடங்களில் ஒன்றாக இருந்ததில்லை. தமக்கு எப்படிக் கற்பிக்கப்பட்டதோ அப்படியே கற்பிக்கிறார்கள். ஊதியத்தையும் எண்ணிப் பாருங்கள். குர்ஆன் கற்பிக்கக் கூலி பெறலாமா என்பது ஒரு காலத்தில் இமாம்களிடையே பெரும் விவாதம். ஷாஃபிஈ மத்ஹபில் அனுமதி உண்டு. ஹனஃபீ மத்ஹபின் முன்னோர்கள் தடுத்தார்கள். பைத்துல்மாலிலிருந்து ஆசிரியர்களுக்கு வந்த மானியம் நின்றபின், கல்வி அழிந்துவிடக் கூடாதென்று பின்வந்த அறிஞர்கள் அனுமதித்தார்கள். பெறலாமா என்ற விவாதம் அத்தோடு முடிந்தது. எவ்வளவு என்ற விவாதம்தான் நம் நிர்வாகக் குழுக்களில் இன்னும் முடியவில்லை.

பெண்ணொருத்தியிடம் உஸ்தாதுமார்கள் பயிற்சி பெறுவதா என்று எவரேனும் நினைத்தால் ஒன்று கூறுவோம். ஷிஃபா பின்த் அப்துல்லாஹ் (ரலி) அவர்கள் உம்முல் முஃமினீன் ஹஃப்ஸா (ரலி) அவர்களுக்கு எழுத்துக் கற்பித்தவர்கள் என்பது அபூதாவூதில் பதிவாகியுள்ளது. பத்ருப் போரில் கைதியானவர்களில் மீட்புத் தொகை கொடுக்க இயலாதோர், அன்சாரிகளின் பிள்ளைகள் பத்துப் பேருக்கு எழுதக் கற்பித்தால் விடுதலை என்று ஏற்பாடு செய்யப்பட்டது. எழுத்துக் கலையைக் கற்கப் பெருமானார் (ஸல்) அவர்களின் சமூகம் தன்னோடு போரிட்டவர்களிடமே பிள்ளைகளை அமர்த்தியது. நம் சகோதரியோ தொழுகையாளி, நம் மஹல்லாவின் மகள்.

ஆகவே நிர்வாகக் குழுவின் முன் நம் கோரிக்கைகளை வைக்கிறோம். ரமழான் விடுமுறைக்குப் பின் ஷவ்வாலில் மக்தபு திறக்குமுன் பத்து நாட்கள் உஸ்தாதுமார்களுக்குப் பயிற்சி நடத்த வேண்டும். அச்சகோதரியும் அவர் அறிந்த ஆசிரியர்களும் நடத்தித் தர இசைந்துள்ளார்கள். ஆண் உஸ்தாதுமார்களுக்கு அவருடன் பணியாற்றிய ஆண் ஆசிரியர்கள் வருவார்கள். நமது மஹல்லாவுக்கும் சிறியதொரு உஸ்தாதோங் கா மதரஸா அமையட்டும். அப்பத்து நாட்களுக்கும் ஊதியம் வழங்க வேண்டும், அதை அன்பளிப்பு என்று கணக்கில் எழுத வேண்டாம். நாமும் அதில் மாணவராக அமர்வோம், நம் பெயரை முதலில் எழுதிக்கொள்ளுங்கள். பெண் பிள்ளைகள் பகுதிக்கு மூன்றாவது உஸ்தாது ஒருவரை நியமிக்க வேண்டும். பிரம்பு மக்தபுக்குள் வரக் கூடாது.

அச்சகோதரியின் படிப்புக் கட்டணத்துக்கு உதவ ஜமாஅத் முன்வந்தபோது அவர் மறுத்துவிட்டார். ஸகாத் பெறத் தகுதியுடையவர் அல்லர் என்று அவரே கூறிவிட்டார், அது சரியான மஸ்அலா. எனவே கல்வி நிதியிலிருந்து வட்டியில்லாக் கடனாக, கர்ழ ஹஸனாவாகக் கொடுக்கலாம் என்பது நம் யோசனை. பணிக்குத் திரும்பியபின் தவணையாகத் திருப்பித் தரட்டும். அடுத்துப் படிக்கச் செல்லும் ஆசிரியருக்கு அத்தொகை உதவும். அப்படி இருவர் இப்போதே விசாரித்திருப்பதாகக் கேள்விப்படுகிறோம். பொதுக்குழுவின் இரண்டாம் அமர்வு இஷாவுக்குப் பின் தொடங்குகிறது. இக்கோரிக்கைகள் எழுத்து வடிவில் செயலாளர் அவர்களிடம் இருக்கின்றன. வஸ்ஸலாம்.